இடம் இருந்தும் 7 ஜிபி ஜிப் காப்பி ஆகவில்லை என்றால்

பென் டிரைவ் பழுதில்லை அண்ணாச்சி. 20 ஜிபி காலியாக இருந்தும் கொடைவிழா வில்லுப்பாட்டு ரெக்கார்டிங்கின் ஜிப் ஏற மறுக்கிறது என்றால், டிரைவ் பெரும்பாலும் ஃபாட்32 (FAT32) என்ற ஃபைல் சிஸ்டத்தில், அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

டிரைவை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் 'ஃபைல் சிஸ்டம்' என்ன என்று பாருங்கள். ஃபாட்32 என்றிருந்தால் எக்ஸ்ஃபாட் (exFAT) என்ற இன்னொரு முறைக்கு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஜிப்பே எதற்கு? வேவ் (WAV) ஒலி ஃபைல் ஜிப்பில் பெரிதாகச் சுருங்காது. ஜிப் கெட்டால் மொத்தப் பாட்டும் மாட்டிக்கொள்ளும். ஃபோல்டராகவே போடுங்கள். ஒலித்தொகுப்புக்கு ரீப்பர் (REAPER) மென்பொருள் என்றால் 'சேவ் அஸ்' பெட்டியில் மீடியாவையும் காப்பி செய்யும் டிக்கைப் போடுங்கள். ரீப்பர் சேமிக்கும் ஆர்பிபி (RPP) புராஜெக்ட் ஃபைலில் ஒலி கிடையாது.

வேறு கம்ப்யூட்டரில் திறந்து குடம், உடுக்கை, ஜால்ரா என்று ஒவ்வொரு டிராக்கையும் தனியாகக் கேளுங்கள்.

எக்ஸ்ஃபாட் டிரைவை எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் ஃபைல் கெடலாம். இன்னொரு டிரைவிலும் பிரதி ஏறும்வரை ரெக்கார்டர் கார்டை அழிக்க வேண்டாம்.