எந்த ட்யூப்பை எடுப்பது?

நாய், பூனைகளின் தோல் புண்ணுக்கு மேல்பூச்சு மருந்து போடுவது பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்குத் தொடைப் பக்கம் ஒரே இரவில் முடி உதிர்ந்து, நீர் கசியும் புண் வந்துவிட்டது. ஓயாமல் நக்குகிறது. எனக்கு எழுதிக்கொடுத்த முபிரோசின் களிம்பு வீட்டில் மிச்சம் இருக்கிறது. போடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

முபிரோசின் 2 சதவீதக் களிம்பு நாய்க்கும் ஆகும். நாய்த் தோலில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை நன்றாக அடக்கும். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஹாட் ஸ்பாட் எனப்படும் ஈரப்புண். இதில் முக்கால்வாசி வேலை களிம்பைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் முடி. புண்ணின் மேல் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்கும் முடி, சீழுக்கு மூடி போட்ட மாதிரி. நல்ல தோல் தெரியும்வரை, சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக, டிரிம்மரால் எடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம்; மடிப்பில் தோலே வெட்டுப்பட்டுவிடும். இந்தப் புண் வலிக்கும், சாதுவான நாயும் கடிக்கும். வாய்க்கட்டு போட்டும் விடவில்லை என்றால் மல்லுக்கட்டாதீர்கள், மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டு எடுக்கட்டும்.

அடுத்தது கழுவுதல். கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 10 சதவீத பொவிடோன் அயோடின் 10 மில்லி கலந்தால் வெளிர்ந்த கட்டன் சாயா நிறம் வரும். அதற்கு மேல் கெட்டியாக்கினால் ஆறிவரும் திசுவும் சேர்ந்து சாகும். நுரைத்துப் பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இங்கே வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். கழுவியபின் தேய்க்காமல், காஸ் துணியால் ஒற்றி எடுங்கள்.

நீர் கசியும் முதல் ஓரிரு நாள் இதை மட்டும் தினமும் இரண்டு வேளை செய்தால் போதும். ஈரப்புண்ணில் களிம்பை அப்பினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் புண் வளரும். கசிவு நின்றபின் காலை, மாலை மெல்லிய பூச்சு. அளவு தெரியாமல் பாதி ட்யூப்பைப் பிதுக்குகிறவர்கள்தான் அதிகம். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு கைப் பரப்புக்கு அது போதும். உங்கள் நாயின் புண்ணுக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது.

சாதாரணப் புண் என்றால், பூசியபின் 20 முதல் 30 நிமிடம் நக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சாப்பாட்டுக்கோ நடைக்கோ சற்று முன்பு பூசினால் கவனம் திரும்பிவிடும். ஹாட் ஸ்பாட்டுக்கு அது போதாது, ஆறும்வரை கழுத்தில் நக்கவிடாமல் தடுக்கும் கூம்பு இருந்தே ஆக வேண்டும். பரந்த புண்ணிலும் ஆழமான புண்ணிலும் முபிரோசின் களிம்பைப் பூசக்கூடாது. அதன் அடிப்பொருளான பாலிஎத்திலீன் கிளைக்கால் அதிகம் உறிஞ்சப்பட்டால் சிறுநீரகத்துக்குச் சிக்கல்.

மூன்று நாளில் புண் சுருங்கவில்லை என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கும். தெள்ளுப்பூச்சியையும் ஆசனவாய்ச் சுரப்பியையும் இடுப்பு மூட்டு வலியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் கேட்டு வாங்கிய சொறி க்ரீம் போட்டதும் அரிப்பு இரண்டே நாளில் நின்றது. பிறகு வயிறு முழுக்க வட்ட வட்டமாகப் பரவிவிட்டது. ஏன்? (வாசகி, திண்டுக்கல்)

ட்யூப்பின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டு என்று கலந்து வரும் இந்த க்ரீம்கள், ஏதாவது ஒன்று படட்டும் என்று கண்ணை மூடிக் கல்லெறிகிற வைத்தியம். சிவப்பும் அரிப்பும் உடனே அடங்கும். தோலின் எதிர்ப்புச் சக்தியும் கூடவே அடங்குவதால் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றும், டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உண்ணியால் வரும் சொறியும் கொண்டாட்டமாக வளரும்.

இன்னொன்று: நாயின் வயிற்றில் ஓரம் செதிலாக உரியும் வட்டத்தைப் பார்த்ததும் எல்லோரும் படர்தாமரை என்கிறார்கள். பெரும்பாலும் அது சீழ்க்கொப்புளம் உடைந்த தடம், பாக்டீரியாவின் வேலை. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கண்ணாடித் தகட்டில் ஒற்றியெடுத்து, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். உண்ணியைத் தேட, தோலைச் சற்று ஆழமாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். க்ரீமை நிறுத்துங்கள், ட்யூப்பைக் கையோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: நாய்க்குப் போடுவதையே பூனைக்கும் போடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பூசியது எல்லாம் நக்கி வயிற்றுக்குள் போகும் என்றே பூனை விஷயத்தில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களின் சிரங்குக்கு விற்கும் 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீமைப் பூனைக்குப் பூசினால் நடுக்கம், வலிப்பு, மரணம்வரை போகும். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் வீட்டுக் கிருமிநாசினிகளும் டீ ட்ரீ எண்ணெயும் பூனைக்கு விஷம்.

தாடையில் கரும்புள்ளியும் சீழும் வரும் முகப்பரு போன்ற தொல்லைக்கு முபிரோசின் உதவும். சண்டையில் கடிபட்டு வீங்கிய கட்டிக்கு எந்தக் களிம்பும் உதவாது. சீழ் தோலுக்கு அடியில் இருக்கிறது, களிம்பு அங்கே இறங்காது. திறந்து வடிக்கத்தான் வேண்டும்.

கேள்வி: உடம்பு முழுக்கக் கொப்புளம். எத்தனை ட்யூப் வாங்குவது? (வாசகி, ஆவடி)

ஒன்றும் வேண்டாம். களிம்பு நாலைந்து சிறு இடங்களுக்குத்தான். உங்கள் நாய்க்குத் தேவை குளோர்ஹெக்சிடின் 2 முதல் 4 சதவீதம் உள்ள ஷாம்பு, வாரம் இரண்டு மூன்று முறை. நுரை 10 நிமிடம் தோலில் நிற்க வேண்டும், கடிகாரம் பார்த்து. கண்ணிலும் காதிலும் படக்கூடாது. போட்ட உடனே அலசிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்பவர்கள் ஏராளம். தோல் தெளிந்தபின்னும் ஒரு வாரம் தொடருங்கள். இதற்கும் மசியாமல் திரும்பத் திரும்ப வந்தால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்து, எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்று பார்த்த பிறகே மாத்திரை.

கேள்வி: தோலுக்குப் போடும் களிம்பையே காதுக்குள்ளும் போடலாமா? (வாசகர், சேலம்)

கூடாது. செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் உள்ளே விடாதீர்கள். கிழிந்திருந்தால் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மருந்து கேட்கும் திறனையே பறித்துவிடும்.