மோல்மேன் மழைக்காட்டிலிருந்து பகான் முள்ளுக்காடு வரை: கேள்வி பதில்

மரக்கடையில் பாதி ஆயுள், அப்புறம் நாற்றுப்பண்ணை. அந்தத் தைரியத்தில்தான் பர்மாவின் மழையையும் காட்டையும் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் ஒன்றுபோல இருந்ததையெல்லாம் சேர்த்துவிட்டேன்.

மோல்மேனிலிருந்து ஒரு அக்கா: மகளை மண்டலேயில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எங்கள் தோட்டத்து மங்குஸ்தான் கன்று மூன்று கொண்டுபோய் வைத்தோம். தினமும் தண்ணீர் ஊற்றியும் கருகிவிட்டது. இன்னும் ஊற்றியிருக்க வேண்டுமா?

வேண்டாம் அக்கா, ஊற்றியிருந்தால் வேர் அழுகியிருக்கும். உங்கள் ஊரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 4,800 மி.மீ. மழை, மண்டலேயில் 850ஐ ஒட்டித்தான். ஆனால் கன்றைக் கொன்றது காற்று. மங்குஸ்தான் வேரில் தூவிகள், அதாவது தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய மயிர்கள், கிடையாது, தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். ஏப்ரலில் 40 டிகிரி வெயிலும் காய்ந்த காற்றும் இலையிலிருந்து உறிஞ்சும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டில் புளி, வேம்பு, இலந்தை வையுங்கள். மங்குஸ்தானை மகள் பிறந்த வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும்.

இரங்கூனில் படிக்கும் தம்பி: இங்கேயும் 2,700 மி.மீ. பெய்கிறதே ஐயா. அப்படியிருக்க பெகு மலைக்காடு ஏன் மாசி பங்குனியில் மொட்டையாக நிற்கிறது? தவாய் பக்கத்துக் காடு பச்சையாகவே இருக்கிறதாமே?

நல்ல கேள்வி. எல்லோரும் மொத்த மழையைத்தான் பார்க்கிறார்கள், மரமோ மழை இல்லாத மாதங்களை எண்ணுகிறது. இரங்கூனில் கிட்டத்தட்ட முழு மழையும் மே முதல் அக்டோபர் வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும், டிசம்பரிலிருந்து மார்ச் வரை பெயருக்குத்தான் ஏதாவது தூறும். இலையை வைத்துக்கொண்டிருந்தால் அது தண்ணீரைச் செலவழித்துக்கொண்டே இருக்கும், அதனால் தேக்கு கடையைச் சாத்துகிற மாதிரி இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கிறது. தெற்கே, தவாய் இருக்கிற தனாசரியில் வறண்ட மாதங்கள் குறைவு, ஈரப்பதம் அதிகம். அங்கே நாற்பது மீட்டருக்கு மேல் போகும் கன்யின் மரம், அதன் கீழே இன்னொரு அடுக்கு, அதற்கும் கீழே பிரம்பும் கொடியுமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தேக்குக்கு வெயில் வேண்டும், அந்த இருட்டில் அதன் கன்று தலையெடுக்காது. அதனால்தான் நல்ல தேக்கு நடுவில் இருக்கிற பெகு மலையில் கிடைத்தது. பிய்ங்கடோ, அதாவது நம் ஊர் இருள் மரம், அதுவும் அங்கேதான்.

அதே தம்பி: மழைமானி இல்லாமல் காட்டைப் பார்த்தே மழையைச் சொல்ல முடியுமா?

மூங்கிலைப் பார். பழைய காட்டிலாகா ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். கியாத்தவுங் மூங்கில் இருந்தால் ஈரமான, வளமான இடம். மியின், அதாவது கல்மூங்கில், வந்துவிட்டால் வறண்ட நிலம் தொடங்கிவிட்டது. அதைவிட வறண்ட இடத்துக்குப் போனால் மூங்கிலே அரிது.

தாட்டோன் அண்ணன் ஒருவர்: மழை பரவாயில்லாத இடத்திலும் சில காடுகள் குட்டையாக, கருகின அடிமரத்தோடு இருக்கின்றனவே?

அண்ணே, அது இன் மரக்காடு. பர்மாக்காரர் இன்டைங் என்பார்கள். அங்கே ஆட்டிப்படைப்பது மண். மணலோ செம்பாறையோ, தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், பெய்கிற மழையில் பாதி கணக்கிலேயே வராது. வருஷாவருஷம் தீயும் வரும். இன் மரத்துக்குத் தடித்த பட்டை, எரிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும், மற்ற மரங்கள் அங்கே தாக்குப்பிடிக்காமல் விலகிக்கொள்கின்றன. கூரை வேய்கிற அந்தப் பெரிய இலை இந்த மரத்து இலைதான்.

பகான் பார்த்துவிட்டு வந்தவர்: ஆயிரக்கணக்கான கோயில்களுக்குச் செங்கல் சுட மரம் வெட்டித்தான் அந்த நாடு பாலைவனம் ஆனது என்று வழிகாட்டி சொன்னார். உண்மையா?

பாதிக் கதை. மேற்கே அரக்கான் மலை நிற்கிறது. கடலிலிருந்து வரும் மேகம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. செங்கல் சுடுவதற்கு முன்பும் அது வறண்ட நாடுதான். பகானில் வருஷத்துக்கு 600 மி.மீ. சுமார், அதிலும் ஜூலையில் நடுவே மழை கொஞ்சம் ஓய்ந்துவிடும். வெட்டினதாலும் மேய்ச்சலாலும் மரம் சிதறிப்போனது, மண் அரித்தது, அதை மறுக்கவில்லை. இப்போது சீமைக்கருவேலம் வேறு பரவிக்கிடக்கிறது, நம் ராமநாதபுரம்போல.

மிச்சம் இருக்கிற காட்டைக் கவனித்தீர்களா? தஹத் என்று ஒரு மரம் உண்டு, தேக்கின் தம்பி, பர்மாவின் வறண்ட பகுதியில் மட்டும் இயற்கையாக வளர்கிறது. அதே குடும்பச் சாயல்தான், ஆனால் குட்டை, இலையும் சிறுசு. மழை குறைந்தால் ஒரு வம்சம் எப்படி ஒடுங்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி வேண்டாம். பக்கத்திலேயே ஷா மரம் நிற்கும், வெற்றிலைக்கான காசுக்கட்டி அதன் வைரத்தை, அதாவது நடுக்கட்டையை, கொதிக்கவைத்து எடுப்பது. அப்புறம் பனை, சப்பாத்திக்கள்ளி, இடையிடையே வெறும் மண். ஈரக்காட்டில் மரங்கள் வெளிச்சத்துக்காக மேலே அடித்துக்கொள்ளும், இங்கே தண்ணீருக்காக நிலத்துக்கு அடியில். அதனால்தான் மரத்துக்கு மரம் அவ்வளவு இடைவெளி.

இரங்கூன் அக்கா: பட்டையை அரைத்து முகத்தில் பூசுகிறோமே, அந்தத் தனாக்கா மரத்தை வீட்டில் வளர்க்கலாமா?

வளரும் அக்கா. ஆனால் பெயர் வாங்கினதெல்லாம் ஷ்வேபோ, பக்கோக்கு பக்கத்து வறண்ட நிலத்துக் கட்டைதான். மெதுவாக வளர்ந்து, பட்டை தடிக்க வருஷக்கணக்காகும். அதே மரம் தமிழ்நாட்டிலும் உண்டு, மகாவில்வம் என்பார்கள்.

கடைசியாக ஒருவர்: அவ்வளவு காய்ந்த நாட்டில் போப்பா மலை மட்டும் ஏன் பச்சை?

1,518 மீட்டர் உயரம். மேலே போகும் காற்று குளிர்ந்து, அரக்கான் மலை விட்டுவைத்த கொஞ்ச ஈரத்தையும் அங்கே இறக்கிவிடுகிறது. அடிவாரத்து முள்ளில் தொடங்கி உச்சிக்கு நடந்தால், மண்டலேயிலிருந்து தெற்கே இரயிலில் வருகிற மாற்றத்தில் பாதியை அரை நாளில் பார்த்துவிடலாம். தண்ணீர் பாட்டிலை மட்டும் குரங்கு கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.