பின்னால் இடிபட்ட வானும் அடிக்கடி எரிந்துபோகும் பியூசும்

கேள்வி: ஐயா, மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையே ஏ-9 வீதியில் மாடுகள் குறுக்கே வந்ததால் வானை நிறுத்தியபோது, பின்னால் வந்த லொறி மோதிவிட்டது. தகரத்தைத் தட்டி நிமிர்த்திப் பெயின்றும் அடித்தாயிற்று. ஆனால் இடது சிக்னலைப் போட்டால் அந்தப் பக்கத்துப் பார்க் லைற்றும் சேர்ந்து மினுங்குகிறது. பிறேக்கை மிதிக்கும்போது சிலவேளை பியூஸ் போகிறது. கராஜில் 10 அம்பியருக்குப் பதிலாக 20 அம்பியர் பியூஸ் போட்டுத் தந்தார்கள். அப்படியே ஓடலாமா?
— வாசகர் ஒருவர், புளியங்குளம்

பதில்: ஓடவேண்டாம், அந்தப் பியூசை இன்றே கழற்றிவிடுங்கள். தலா 21 வாற்று கொண்ட இரண்டு பிறேக் பல்புகளும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றரை அம்பியர்தான் இழுக்கும். 10 அம்பியர் பியூசே எரிகிறதென்றால், மின்சாரம் பல்பை எட்டாமல் இடைவழியில் எங்கோ தகரத்தில் இறங்குகிறது. பெரிய பியூசைப் போட்டால் பியூசுக்குப் பதிலாக வயர் எரியும்.

உங்கள் வானில் இருப்பவை இரண்டு பழுதுகள். சிக்னலுடன் பார்க் லைற் மினுங்குவது பெரும்பாலும் இடது விளக்கின் எர்த் பிடிக்காததால்தான்: திரும்பிப்போக வழியில்லாத மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழையூடாகப் போகிறது. எர்த் வயரின் ஆணிக்குக் கீழே புதுப் பெயின்ற் படிந்திருக்கும். வெறும் இரும்பு பளிச்சிடும்வரை மண்கடதாசியால் தேய்த்து இறுக்குங்கள். பிறகு விளக்கை எரியவிட்டு, அதன் எர்த்துக்கும் பற்றரியின் மறைமுனைக்கும் இடையே மீற்றரை வைத்தால் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது.

மிதிக்கும்போது மட்டும் பியூஸ் போவதால், இரண்டாவது பழுது மிதியின் சுவிட்சுக்கும் விளக்குக்கும் இடையில் இருக்கிறது. பிறேக் பல்புகளையெல்லாம் கழற்றுங்கள். பின்கண்ணாடியருகே மூன்றாவது விளக்கு இருந்தால் அதன் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாற்றுப் பல்பை வயரில் கோத்துச் செருகி, ஒருவரை மிதியை அழுத்திக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, பின்பக்க வயர்க்கட்டைச் சாண் சாணாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அசைக்கும்போது பல்பு பளீரென்று எரிந்து அணைகிறதோ, அங்கேதான் வயர் நசிந்திருக்கிறது. தட்டி நிமிர்த்திய மூலையையும், பின்கதவுக் கீலருகே வயர் வளையும் றப்பர்க் குழாயையும் முதலில் பாருங்கள். தகரம் தட்டுகிறவர் உள்ளே ஓடும் வயரைக் கவனிப்பது அரிது.

காப்புறுதிக் கணக்கு இன்னும் முடியவில்லையாயின், நசிந்த வயரை வெட்டுமுன் இருந்த இடத்திலேயே படமெடுத்து நிறுவனத்துக்கு அறிவியுங்கள். வெட்டிய பிறகு அது விபத்தில் நசிந்தது என்று காட்டுவது கடினம்.