ரம்பம் கோடு மாறாமல் ஓட வேண்டுமா?

கேள்வி: ஐயா, எட்டடி ப்ளைவுட்டை சர்க்குலர் ரம்பத்தால் அறுத்தால் நடுவில் இரண்டு நூல் (கால் அங்குலம்) வரை விலகிவிடுகிறது. வழிகாட்டிப் பலகையை வீட்டிலேயே செய்ய முடியுமா?
- வாசகர், வில்லியனூர்

முடியும் தம்பி. மஞ்சக்குப்பத்தில் என் பட்டறையில் அலமாரிக் கதவுகளெல்லாம் அப்படிச் செய்த பலகையை வைத்துத்தான் அறுபடுகின்றன. அடியில் 6 மி.மீ. ப்ளைவுட், ஓரடி அகலம், எட்டடி நீளம். மேலே 12 மி.மீ. ப்ளைவுட்டில் மூன்று அங்குலப் பட்டை. ரம்பம் உரசி ஓடப்போவது இந்தப் பட்டையில்தான். ஆகவே முழு ஷீட்டின் ஓரத்திலிருந்து அறுத்து வாங்கி, தொழிற்சாலை விளிம்பில் (ஷீட் வரும்போதே நேராக அறுபட்டிருக்கும் ஓரத்தில்) பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள். பண்ருட்டிப் பலாச் சட்டம் கையில் இருக்கிறதே என்று அதைப் போட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் கடலோரத்தில் தனி மரச் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

பட்டை நேரா என்று பார்க்க, குறி போட்ட விளிம்பை வைத்து ஒரு கோடு இழுங்கள். பட்டையைப் புரட்டி, அதே விளிம்பை அதே இரு முனைப்புள்ளிகளில் வைத்து மறுபடி இழுங்கள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால், அதில் பாதி பட்டையின் வளைவு.

கிளாம்ப் பிடிக்கப் பின்னால் மூன்று அங்குலம் விட்டு, குறி போட்ட விளிம்பு ரம்பப் பக்கம் பார்க்கும்படி ஃபெவிகால் தடவி, அடியிலிருந்து ஸ்க்ரூ முடுக்குங்கள். நன்றாகக் காய்ந்தபின் ரம்பத்தின் அடித்தகட்டைப் பட்டையோடு அணைத்து ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். வெளியே நீண்டிருக்கும் ப்ளைவுட் அறுந்து விழும். மிஞ்சி நிற்கும் விளிம்புதான் உங்கள் ரம்பத்தின் பல் ஓடும் இடம். இனிக் கூட்டிக் கழிக்கும் வேலையே இல்லை. விளிம்பைக் கோட்டில் வைத்து, இரு முனையையும் கிளாம்பால் இறுக்கி அறுக்க வேண்டியதுதான்.

பலகை எப்போதும் நமக்கு வேண்டிய துண்டின்மேல் இருக்கட்டும். பல் தின்னும் 2, 3 மி.மீ. கழிவுப் பக்கம் போகும். விளிம்பு மேல்தோலை அழுத்திப் பிடிப்பதால் சிலாம்பும் அதிகம் பெயராது. 19 மி.மீ. ப்ளைவுட் என்றால், அடிப்பலகையையும் சேர்த்து 30 மி.மீ. ஆழம் வைத்தால் போதும். வேறு கனமுள்ள பிளேடு மாட்டினால் விளிம்பு பொருந்தாது. இன்னொருவர் ரம்பத்துக்கு இரவலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் மார்பிள் கட்டர் இருக்கிறது. மர பிளேடு மாட்டி இந்தப் பலகையோடு ஓட்டலாமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

வேண்டவே வேண்டாம் அம்மா. கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் சுழலும். 7 அங்குல மர ரம்பம் 5,000 சுற்று அளவில்தான் ஓடும். மரத்தில் பல் சிக்கினால் கட்டர் பின்னோக்கித் துள்ளும். மர ரம்பத்தில் ஸ்பிரிங் விசையில் தானாக மூடும் கீழ்மூடி உண்டு. கட்டரில் அது கிடையாது. பலகை எவ்வளவு நேராக இருந்தாலும் உங்கள் விரலைக் காக்காது. சர்க்குலர் ரம்பத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கீழ்மூடி மூடாதபடி யாராவது ஆப்பு செருகியிருந்தால் பிடுங்கி எறியுங்கள். பிளக் மாட்டுவதற்கு முன்பே, மூடியைக் கையால் திறந்துவிட்டு அது தடையில்லாமல் மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.