லினக்ஸ் டெர்மினலில் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று பார்ப்பது எப்படி?

சுருக்கமான பதில்: ‘டிஎஃப் -எச்’. கட்டளைகளை உச்சரிப்பாகத்தான் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள் (‘டி’ என்பது ‘டிஸ்க்’கின் முதல் எழுத்து). பெரிய எச் போட்டால் 1024-க்குப் பதில் 1000-ஆல் வகுத்துக் காட்டும். 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் சுமார் 465 என்று தெரிவதும் இந்த வகுத்தல் வித்தியாசத்தால்தான், கடைக்காரர் ஏமாற்றவில்லை.

வரும் அட்டவணையில், கடைசிப் பத்தியில் வெறும் சாய்கோடு மட்டும் உள்ள வரியைப் பாருங்கள். அதில் ‘அவெய்ல்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பதுதான் மீதி இடம். நிற்கிற ஃபோல்டர் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று குழப்பமாக இருந்தால் அதே கட்டளைக்குப் பின்னால் ஒரு புள்ளி வையுங்கள், அந்த ஒரு வரி மட்டும் வரும். உபுண்டுவில் ‘லூப்’ என்று சில வரிகள் 100% காட்டும். அவை ஸ்னாப் பொதிகள், அதாவது உபுண்டு மென்பொருள்களை அடைத்துத் தரும் ஒரு வகைப் பொட்டலங்கள். படிக்க மட்டுமே ஆனவை, எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம்.

எதில் இடம் போனது என்று தெரிய ‘டியூ’. ‘டியூ -எக்ஸ் -எச் -டி 1 /’ என்று ரூட்டாக (முழு உரிமையுள்ள நிர்வாகியாக) ஓட்டினால் மேல்மட்ட ஃபோல்டர் ஒவ்வொன்றும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொல்லும். அந்த எக்ஸ் முக்கியம், அது இல்லாவிட்டால் வேறு டிஸ்க்குகளுக்குள்ளும் புகுந்து எண்ண ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லாக்’கில் (நிரல்கள் தாம் செய்வதைக் குறித்து வைக்கும் ஃபைல்கள் இருக்கும் இடம்) அகப்படுவார்.

இவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு நாள் இரவு, வேலை பார்த்த இடத்தில் 40 ஜிபி டிஸ்க் உள்ள ஒரு சர்வர் நின்றுபோனது. டிஎஃப் 100% என்றது. தேடினால் 32 ஜிபிக்கு ஒரே ஒரு லாக் ஃபைல். சந்தோஷமாக ‘ஆர்எம்’ போட்டு அழித்தேன். மறுபடி டிஎஃப்: அதே 100%. டியூவிடம் கேட்டால், மொத்தமே 6 ஜிபிதான் இருக்கிறது என்கிறது. டிஎஃப்போ 38 ஜிபி போய்விட்டது என்று பிடிவாதம் பிடிக்கிறது. கடைசியில் மூத்தவர் ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்த ஃபைல்ல எழுதிட்டிருந்த ப்ராசஸை ரீஸ்டார்ட் பண்ணியா?”

பண்ணவில்லை. ப்ராசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல். ஆர்எம் அழிப்பது ஃபைலின் பெயரை மட்டும்தான். ஏதாவது ஒரு ப்ராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளே இருக்கும் தரவு அப்படியே கிடக்கும். டியூ ஃபோல்டர் ஃபோல்டராக நடந்து, பெயருள்ளவற்றைக் கூட்டுகிற ஆள். பெயர் போன ஃபைல் அதன் கண்ணில் படாது. டிஎஃப் நடப்பதே இல்லை, ஃபைல் சிஸ்டத்தின் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) கணக்கு நோட்டைத் திறந்து படிக்கிறது. 1971-இல் வந்த முதல் யூனிக்ஸிலேயே இரண்டும் தனித்தனிக் கட்டளைகளாக இருந்தன. இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால், ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (இந்த +எல் மட்டும் பெரிய எழுத்து) அடித்தால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் ஃபைல்கள் அகப்படும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் 32 ஜிபி திரும்பி வந்தது. இப்போதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை நான் அழிப்பதில்லை, ‘ட்ரங்கேட் -எஸ் 0’ போட்டுக் காலி செய்துவிடுகிறேன்.

சரி, 40-இல் 38 போனால் 2 ஜிபி மீதி இருக்க வேண்டுமே? அதுவும் அன்று என்னைக் குழப்பியது. இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கிறது. டிஸ்க் நிரம்பினாலும் நிர்வாகி உள்ளே வந்து ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா? சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் அதைத் தொடாதீர்கள். வெறும் படமும் வீடியோவும் போடும் 1 டிபி டிஸ்க்கில் மட்டும் அது 50 ஜிபி வீண். ‘ட்யூன்2எஃப்எஸ் -எம் 1’ என்று அந்தப் பார்ட்டிஷனின் பெயரோடு கொடுத்தால் 1 சதவீதமாகக் குறையும்.

இன்னொரு வகை உண்டு. டிஎஃப் பாதி காலி என்கிறது, ஆனால் எதை எழுதினாலும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வருகிறது. அப்போது ‘டிஎஃப் -ஐ’ அடியுங்கள். அது ஐநோடு (ஒரு ஃபைலின் விவரத்தை வைத்திருக்கும் பதிவு) கணக்கு. கோயில் வாசலில் செருப்பு வைக்க இடம் இருந்தும் டோக்கன் தீர்ந்துபோவது போல. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு வேண்டும், இஎக்ஸ்டி4-இல் அந்த எண்ணிக்கை டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. சாதாரணமாக 16 கேபிக்கு ஒன்று, அதாவது 20 ஜிபிக்குச் சுமார் 13 லட்சம். எனக்கு இது நடந்தது பிஎச்பி செஷன் ஃபைல்களால் (வருகையாளர்களைப் பற்றி வலைத்தளம் எழுதி வைக்கும் சின்னக் குறிப்புகள்). ஒவ்வொன்றும் சில பைட்டுகள்தான், ஆனால் லட்சக்கணக்கில். ஆர்எம்முக்கு நட்சத்திரக் குறி கொடுத்தால் பட்டியல் ரொம்ப நீளம் என்று ஷெல் மறுத்துவிட்டது. அப்புறம் ‘ஃபைண்ட்’ கட்டளைக்கு ‘-டெலீட்’ சேர்த்து ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.