கணக்கில் எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறார்கள், தமிழில் சொல்லாமல் விட்டதுதான் அழகு என்கிறார்கள். பிள்ளை எதை நம்புவது?

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் கணக்கில் "ஏன் என்று எழுதவில்லை" என்று மதிப்பெண் இழக்கிறாள், தமிழ்க் கட்டுரையில் "அளவுக்கு மீறி விளக்குகிறாய்" என்று திட்டு வாங்குகிறாள், எந்தப் பாடத்தில் எவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் வீட்டுத் திண்ணையில் பல வருடமாக டியூஷன் எடுக்கிறேன். இந்தக் குழப்பத்தோடு வராத பிள்ளை ரொம்பக் குறைவு. தப்பு உங்கள் மகளுடையது இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்தைப் பள்ளியில் யாரும் வாய்விட்டுச் சொல்லித் தருவதில்லை.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு பக்கம் சமம் என்று ஒரு பையன் எழுதுவான். ஏன் என்று கேட்டால், "படத்தைப் பார்த்தாலே தெரியுதே டீச்சர், பின்ன எதுக்கு எழுதணும்?" என்பான். அவனை நான் கோபிப்பதில்லை, ஏனென்றால் வடிவியலுக்கே அடித்தளம் போட்ட பழைய கிரேக்க அறிஞர் யூக்ளிட்டே அதைச் செய்திருக்கிறார். அவருடைய நூலில் முதல் கூற்றே ஒரு கோட்டின்மேல் சமபக்க முக்கோணம் வரைவதுதான். கோட்டின் இரு முனைகளையும் மையமாகவும் கோட்டின் நீளத்தையே ஆரமாகவும் வைத்து இரண்டு வட்டம் போடு, அவை வெட்டும் புள்ளியை இரு முனைகளோடும் சேர் என்கிறார். அந்த இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் என்று அவருடைய 5 அடிப்படை எடுகோள்களில் எதுவும் சொல்லவில்லை. படத்தில் வெட்டுகிறது, அவ்வளவுதான். 1899-ல் ஜெர்மன் கணித அறிஞர் ஹில்பர்ட் வடிவியலின் அடிப்படைகளைப் புதிதாக எழுதியபோது, படத்தைப் பார்த்து எடுத்துக்கொண்ட இந்த மாதிரி விஷயங்களையும் எழுத்தில் கொண்டுவந்தார். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கே கண்ணுக்குத் தெரிந்தது கையில் எழுத மறந்துபோயிருக்கிறது என்றால், நாம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுவதில் வெட்கம் என்ன?

இயற்பியலில் விஷயம் கொஞ்சம் மாறும். அங்கே காரணத்தைவிட, அலகும் அனுமானமும் வெளிப்படையாக இருக்க வேண்டும். ஒரு லீவு நாளில் பிள்ளைகளை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போனேன். 1966-ல் கட்டியது, 115 அடி உயரம், கீழே பறளியாறு. மேலிருந்து ஒரு கல்லை விட்டால் எவ்வளவு நேரத்தில் விழும் என்று அங்கேயே நோட்டில் போடச் சொன்னேன். (கல்லைப் போட விடவில்லை, கீழே ஆள் நடமாட்டம் உண்டு.) ஒருத்தி 2.7 விநாடி என்றாள். இன்னொருத்தன் 4.8 விநாடி என்று அடித்துச் சொன்னான். இரண்டு நோட்டிலும் சூத்திரம் ஒன்றுதான். அவன் அடியை மீட்டராக மாற்றாமல், 115-ஐ அப்படியே 9.8 என்ற மீட்டர் கணக்கோடு சேர்த்துச் சூத்திரத்தில் போட்டிருந்தான். அவள் முதல் வரியிலேயே "115 அடி, ஏறத்தாழ 35 மீட்டர்" என்று எழுதியிருந்தாள். அதற்கு அடுத்து "காற்றுத் தடை இல்லை எனக் கொள்க, ஆரம்ப வேகம் சுழி" என்றும் எழுதியிருந்தாள். அந்த இரண்டு வரியும் விடை இல்லை, ஆனால் அவை இருப்பதால்தான் 2.7 என்பதைச் சரிபார்க்க முடிகிறது.

இப்போது தமிழ். குறுந்தொகை 25-ஆம் பாட்டு, கபிலருடையது. அவன் என்னைச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவன் சொன்ன சொல்லை மாற்றினால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. கடைசியில், ஒரு குருகும், அதாவது கொக்கும், அங்கே இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற கால், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதோடு பாட்டு முடிந்தது. வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "கொக்கு எப்படி டீச்சர் சாட்சி சொல்லும்?" அந்தக் கேள்வியை அவளைக் கேட்க வைப்பதற்குத்தான் கபிலர் அங்கே நிறுத்தினார். நாஞ்சில் நாட்டு வயலில் கொக்கு நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மீனில் கண் வைத்துவிட்டால் அது வேறெதையும் கவனிக்காது. இருந்த ஒரே சாட்சியும் பார்க்காத சாட்சி. இதைக் கபிலர் எழுதியிருந்தால் தலைவியின் பயம் நமக்குள் வந்திருக்காது.

ஆனால் உங்கள் மகள் சிக்கிக்கொள்ளும் இடம் இங்கேதான் என்று நினைக்கிறேன். பாட்டு மறைக்கலாம், பாட்டைப் பற்றி எழுதுகிற விடை மறைக்கக் கூடாது. நயம் பாராட்டுக என்ற கேள்விக்கு, குருகு ஏன் வந்தது, மீனைப் பார்க்கிறது என்ற வரி என்ன வேலை செய்கிறது என்று உடைத்துச் சொல்ல வேண்டும். அவளே ஒரு கதையோ கவிதையோ எழுதும்போது மட்டும் விளக்காமல் கையைக் கட்டிக்கொள்ளலாம். "தமிழ்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேலையும் ஒரே தாளில் வருகிறது. பிள்ளைகள் தடுமாறாமல் என்ன செய்வார்கள்?

வரலாற்றில் நான் கறாராகப் பார்ப்பது ஒரு சின்ன விகுதியை. நம் மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அமைத்த சாலையை, அதாவது அந்தக் காலக் கல்விக்கூடத்தை, பற்றிய செப்பேடு உண்டு. கலி நாள் 14,49,087 என்று, கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள் கணக்கே கொடுத்திருக்கிறது. அது கி.பி. 866-க்கு வருகிறது. 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம். இவை எழுதி வைத்த செய்தி, அப்படியே எழுதலாம். அவர்கள் ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக் கூடாது என்றும் அதில் விதி இருக்கிறது. அப்படியானால் சிலர் ஆயுதத்தோடு வந்திருக்கலாம் என்று நாம் ஊகிக்கிறோம். அந்த "லாம்" விடையில் இருக்க வேண்டும். "வந்தார்கள்" என்று எழுதினால் செப்பேடு சொல்லாததை அதன் வாயில் திணித்த மாதிரி ஆகிவிடும்.

எங்கள் மாவட்டத்தில் வேண்டுமென்றே வெளிப்படையாகச் சொல்லாத ஒரு பாடமும் உண்டு, வர்மம். 108 வர்மம், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று ஏடு எண்ணிக்கை சொல்லும். உடம்பில் எந்த இடம் என்று சொல்லும்போது பரிபாஷையில், அதாவது பழகியவர்களுக்கு மட்டும் புரிகிற மறைமொழியில், போய்விடும். தட்டினால் உயிருக்கு ஆபத்தான இடத்தை யார் கைக்கும் கிடைக்கிற மாதிரி எழுதக் கூடாது என்பது ஆசான்மாரின் எண்ணம். என் தாய்மாமா வர்ம ஆசானாக இருந்தவர். சின்ன வயதில் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏட்டுப் பாட்டின் நகலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இன்ன இடத்துக்கு நாலு விரல் மேலே என்று இருந்தது. என் கையை வைத்து அளந்து காட்டினேன். மாமா என் விரலை எடுத்துவிட்டு, வைத்தியத்துக்காகப் பாயில் படுத்திருந்தவருடைய கையையே தூக்கி அவர் மேல் வைத்தார். "அவனுக்க உடம்பு, அவனுக்க விரலுதான் மக்களே" என்றார். ஏட்டில் அது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

பள்ளிப் பாடங்களிலும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கிடைக்கிற விஷயம் நிறைய இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். வீட்டில் படித்தவர்கள் இருக்கிற பிள்ளைக்கு அது தானாகச் சேர்ந்துவிடும். ரப்பர் வெட்டப் போகிற, கடலுக்குப் போகிற அப்பாவின் பிள்ளைக்கு யார் சொல்வது? வர்மத்தை மறைக்கக் காரணம் உண்டு. கணக்கில் ஏன் காரணம் எழுத வேண்டும் என்பதை மறைக்க ஒரு காரணமும் இல்லை.

நான் செய்வது இதுதான். விடையை எழுதி முடித்ததும் தன்னைவிட ஒரு வகுப்பு கீழே படிக்கும் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுக்கச் சொல்வேன். அந்தப் பிள்ளை "ஏன்?" என்று நிற்கிற இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கணக்காக இருந்தால் எல்லாப் புள்ளியையும் ஒரு வரி எழுதி அடைக்க வேண்டும். வரலாறாக இருந்தால் ஆதாரமோ "லாம்"மோ போட வேண்டும். சொந்தக் கதையாக இருந்தால் இரண்டு மூன்று புள்ளியை அப்படியே விட்டுவிடலாம். உங்கள் மகளுக்குத் தம்பியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம், ஒரு நாளைக்கு ஒரு விடை போதும்.