குவாதலூப்பில் தமிழைத் தேடியவர்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். பாரிஸுக்குப் பக்கத்தில் வேலை, வீடு. பிப்ரவரி பள்ளி விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லோருமாகக் கரீபியன் கடலில், பிரான்ஸின் ஒரு பகுதியாகவே இருக்கும் குவாதலூப் தீவுக்குப் போய்வந்தோம். கடற்கரைகள், கார்பே அருவி, ரம் ஆலை எல்லாம் அருமை. மெமோரியல் ஆக்ட் என்ற அடிமை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் சிக்கல். சங்கிலிகளையும் கழுத்து வளையங்களையும் பார்த்துப் பன்னிரண்டு வயது மகள் “போகலாம் பப்பா” என்று பிரெஞ்சில் அழ ஆரம்பித்துவிட்டாள். பாதியில் வெளியே வந்தோம். விடுமுறையில் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையா என்று மனைவி கேட்கிறாள்.

கப்பெஸ்டேர் ஊரில் ஷாஞ்சி கோயிலுக்குப் போனோம். மாரியம்மனையும் மதுரைவீரனையும் பார்த்து அம்மா கண்கலங்கிவிட்டார். எனக்கோ ஏமாற்றம். பூசாரிக்குத் தமிழ் பேச வரவில்லை. “ஏன் தமிழை விட்டீர்கள்?” என்று கேட்டேன், சிரித்தார். மறுநாள் வேறொரு சிறு கோயிலில் கடா வெட்டு. அர்த்தம் தெரியாமலே பாட்டுப் பாடுகிறார்கள். வீடியோ எடுத்துப் போட்டேன், நண்பர்கள் அதிர்ந்துபோனார்கள். ஆகமம் தெரிந்த குருக்களையும் தமிழாசிரியர்களையும் நாம் அனுப்ப வேண்டாமா? டிசம்பரில் என் தம்பி குடும்பம் அங்கே போகிறது. எதைப் பார்க்கச் சொல்லலாம்? பிள்ளைகளை அந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாமா? எந்த ரம் வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். தம்பிக்கு அங்கே போனால் பத்துப் பேர் சொல்வார்கள். மற்றதற்குப் பதில் எழுதக் காரணம், நம்மவர்கள் ஊர் சுற்றும் விதம் பற்றிக் கொஞ்ச நாளாகவே எனக்குள் ஒரு எரிச்சல் இருந்துகொண்டிருந்தது. எந்தத் தேசத்துக்குப் போனாலும் முதலில் தமிழன் தடயம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் பெருமை, கொஞ்சம் மங்கியிருந்தால் ஏமாற்றம். அந்த ஊர்க்காரர்களின் கதை நம் கண்ணில் படுவதே இல்லை. உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்தது.

அம்மா அழுதது எனக்குப் புரிகிறது. அத்தனை தூரம் கடல் தாண்டிப் போய், வாழையும் தென்னையும் நிற்கும் சாலை ஓரத்தில் மீசை வைத்த மதுரைவீரன் நின்றால் யாருக்குத்தான் தொண்டை அடைக்காது? அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

நீங்கள்தான் பார்க்கவில்லை. “ஏன் தமிழை விட்டீர்கள்?” விருந்தாளியாகப் போன இடத்தில் கேட்கிற கேள்வியா இது? அந்தப் பூசாரி சிரித்தார் என்றால் அது அவருடைய நாகரிகம். உங்கள் மகள் அருங்காட்சியகத்தில் எந்த மொழியில் அழுதாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விமானமும் வாட்ஸ்அப்பும் இருக்கிற காலத்தில், அப்பா அம்மா பாட்டி மூவரும் தமிழ் பேசுகிற வீட்டில், ஒரே தலைமுறையில் நடந்தது அது. நான் குறை சொல்லவில்லை, அழும்போது எந்த மொழி முதலில் வருகிறதோ அதுதான் வரும். ஆனால் ஐந்தாறு தலைமுறைக்கு முன் கப்பல் ஏறியவர்களின் வம்சத்தில் வந்தவரிடம் போய்க் கணக்குக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரி, அவர்கள் எப்படி அங்கே போனார்கள்? 1848இல் குவாதலூப்பில் அடிமை முறை ஒழிந்தது. ஏறக்குறைய 87,000 பேர் விடுதலையானார்கள். இழப்பீடு கிடைத்தது, அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களில் பலர் பழைய எஜமானனின் கரும்புக் கொல்லைக்குத் திரும்பிப் போக விரும்பவில்லை. போனவர்கள் கூலியைப் பேசிக் கேட்டார்கள். அந்தப் பேரத்தை உடைக்கத்தான் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் ஆள் பிடிக்க வந்தார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஓரேலி’ என்ற கப்பல் முதல் கூட்டத்தைப் புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்தில் இறக்கியது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எல்லோரும் தமிழர்கள் இல்லை, கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்களும் உண்டு. ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம் என்று காகிதத்தில் இருந்தது. திரும்பியவர்கள் சிறுபான்மைதான். நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் ஏராளம்.

இப்போது நீங்கள் பாதியில் வெளியே வந்த அந்தக் கட்டடத்துக்கு வருகிறேன். வெள்ளி வேர்கள் படர்ந்த கறுப்புப் பெட்டி மாதிரி, கடலோரத்தில், 2015இல் திறந்தார்கள். அது நிற்கும் மண்ணில் முன்பு என்ன இருந்தது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? தார்பூசியே சர்க்கரை ஆலை. இந்தியர்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தது எந்தச் சர்க்கரைக்காகவோ அதைக் காய்ச்சிய இடம். நீங்கள் அடிமை வரலாற்றை ஒரு கூடையிலும் தமிழர் வரலாற்றை இன்னொரு கூடையிலும் போட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறீர்கள். முதலாவது துக்கம், அதனால் வேண்டாம். இரண்டாவது நம்முடையது, அதனால் வேண்டும். அங்கே அப்படிப் பிரிக்க முடியாது. ஆப்பிரிக்கர்கள் கரும்பு வெட்ட மறுத்ததால்தான் மாரியம்மன் அந்தத் தீவுக்குப் போனாள். மறுத்தவர்களின் கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்பதால்தான் நம் ஆட்களை அவர்கள் வெகுகாலம் வெறுத்தார்கள். இது தெரியாமல் ஷாஞ்சியில் போய் நின்றால் எந்தக் கோயிலில் நிற்கிறோம் என்றே தெரியாது.

அந்த மறுப்புக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சி 1794இல் அடிமைகளை விடுவித்தது. 1802இல் நெப்போலியன் அந்த விடுதலையைப் பறிக்கப் படை அனுப்பினார். லூயி தெல்க்ரெஸ் என்ற படை அதிகாரி எதிர்த்து நின்றார். சுற்றி வளைக்கப்பட்டதும் மே 28 அன்று மத்தூபா மலைச்சரிவில் வெடிமருந்தைக் கொளுத்தித் தன்னுடன் இருந்த நூற்றுக்கணக்கானவர்களோடு மாண்டார். சொலித்யூத் என்ற பெண் அந்தப் போரில் பிடிபட்டபோது கர்ப்பிணி. பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்து, பிறந்த மறுநாள் கொன்றார்கள் என்பார்கள். பிறகு இன்னும் நாற்பத்தாறு வருடம் அடிமைத்தனம். இவ்வளவுக்கும் பிறகு விடுதலையானவன் மறுபடி கரும்பு வெட்டப் போவானா?

நம்மவர்கள் அங்கே செய்த பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால் கோயிலைச் சொல்ல மாட்டேன். ஆன்ரி சிதம்பரத்தைச் சொல்வேன். 1863இல் கப்பெஸ்டேரில், நீங்கள் கார் நிறுத்திய அதே ஊரில் பிறந்தவர். 1904இல், அந்தத் தீவிலேயே பிறந்த இந்தியப் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள் இல்லை, வாக்காளர் பட்டியலில் இருக்கக் கூடாது என்று அரசுத் தரப்பு கிளம்பியது. சிதம்பரம் எதிர்த்து வழக்காடினார். 1923இல்தான் முடிந்தது. பத்தொன்பது வருடம்! இடையில் ஒரு உலகப் போரே வந்து போய்விட்டது. அவர் ஊர் திரும்பக் கப்பல் கேட்கவில்லை, தனிச் சலுகையும் கேட்கவில்லை. இங்கே பிறந்தேன், இங்கே எனக்கு வாக்கு வேண்டும் என்றார். அந்த வழக்கு ஜெயித்ததால்தான் எர்னஸ்ட் முத்துசாமி 1981 முதல் 2002 வரை பாரிஸ் நாடாளுமன்றத்தில் குவாதலூப்பின் உறுப்பினராக உட்கார முடிந்தது. உங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் போகிற தூரம். வாக்குரிமைக்காக இவ்வளவு வருடம் போராடியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் ‘நீங்கள் எங்களைவிட்டு விலகிவிட்டீர்கள்’ என்கிற தொனியில் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆகமக் குருக்கள் யோசனைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. அந்தக் கோயில்களில் கொடி கட்டிய ஒரு மரம் நட்டு வழிபடுவார்கள், கவனித்தீர்களா? அது நாகூர் ஆண்டவருக்கு. கப்பலில் போனவர்களைக் கரை சேர்த்ததற்கு நன்றி. நான் பிறந்தது நாகூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு கிராமம். சித்தப்பா சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியபோது எங்கள் அப்பாயி மஞ்சள் துணியில் காசு முடிந்து தர்காவுக்கு நேர்ந்துகொண்டார். கடிதம் வந்த அன்று அதே காசை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் இருந்தது மாரியம்மன் படம், கடல் விஷயத்துக்கு மட்டும் நாகூரார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை, நல்லவேளை. இன்று எங்கள் ஊரிலேயே அப்படி நேர்ந்துகொள்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நான் குவாதலூப் போயிருந்தபோது ஒரு வீட்டு முற்றத்தில் அந்தக் கொடிமரத்தைப் பார்த்து அசந்துபோய் நின்றேன். என் அப்பாயியின் சாமி அங்கே பத்திரமாக இருக்கிறார். நீங்கள் அனுப்பப்போகிற குருக்கள் முதலில் கடாவை நிறுத்துவார். அப்புறம் மதுரைவீரனை ஒரு ஓரத்துக்குத் தள்ளுவார். அப்புறம் அந்த மரத்தைப் பிடுங்குவார். பிறகு தூய்மையான ஒரு கோயில் மிஞ்சும். அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன், கும்பகோணத்திலேயே இருக்கிறதே!

அர்த்தம் தெரியாமல் பாடுகிறார்களாம். பிரெஞ்சு எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, வாயிலிருந்து வாய்க்கு மாற்றி, தோட்ட முதலாளிக்கும் பாதிரியாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தப்பி வந்த பாட்டு அது. நம் கல்யாணங்களில் ஓதுகிற மந்திரத்துக்கு அர்த்தம் தெரிந்து எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்? தமிழ் கற்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், கற்கிறார்கள். அவர்களாகக் கேட்டால் ஆசிரியர் போகட்டும், நல்லதுதான். குறை தீர்க்க வருகிற பாவனையில் யாரும் போக வேண்டாம்.

கடா வெட்டை வீடியோ எடுத்து, ‘அதிர்ந்துபோக’ நண்பர்களுக்குப் போட்டீர்களே, அதை உடனே எடுத்துவிடுங்கள். அந்தக் குடும்பம் வேண்டுதலுக்காக எத்தனையோ நாள் விரதம் இருந்து, கடன் வாங்கியாவது ஊரையே கூப்பிட்டு வாழையிலையில் சோறு போடுகிற நாள் அது. கறுப்பர், இந்தியர், கலப்பினத்தவர் என்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிடுவார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் இருந்த ஆப்பிரிக்க வம்சாவளிப் பாட்டி, பேரனுக்குக் காய்ச்சல் தீர்ந்ததற்காக மாரியம்மனுக்குக் கொடுத்த நேர்த்திக்கடனை விவரமாகச் சொன்னார். அவரும் நம் ஆள்தானா என்று உங்கள் கணக்கில் பார்த்துச் சொல்லுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வயதுப் பெண் சங்கிலியைப் பார்த்து அழுதாள் என்றால் அவளிடம் கோளாறு ஒன்றும் இல்லை. பாதியில் வெளியே கூட்டிவந்ததுகூடத் தப்பில்லை. அதைப் பற்றி அப்புறம் அவளிடம் பேசினீர்களா என்பதை மட்டும் எழுதவே இல்லை. ஐந்து வயதுக் குழந்தையைக் கூட்டிப்போகாதீர்கள், தரையில் உருண்டு அழும், மற்றவர்களுக்கும் தொல்லை.

தம்பிக்கு: முதல் நாளே மெமோரியல் ஆக்ட், காலையில், பசி இல்லாமல் போகட்டும். மறுநாள் பெத்தி-கனால் ஊரில் அடிமைகளின் படிக்கட்டு. அதற்குப் பிறகு கப்பெஸ்டேர், ஷாஞ்சி. வழியில் வரிசையாக அரசப் பனைகள் நிற்கும் துய்மனுவார் சாலையைப் பார்க்கலாம். அங்கிருந்து காரில் மலைமேல் போய் இறங்கினால் கார்பே இரண்டாம் அருவிக்குக் கொஞ்ச நேர நடைதான், 110 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. போகும் வழியெல்லாம் வாழைத் தோப்பு. அந்தத் தோப்புகளில் 1993 வரை தெளித்த குளோர்டெக்கோன் என்ற பூச்சிமருந்து இன்னும் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் நிறுத்த மாட்டார்கள். கடற்கரைகள் எனக்குப் போரடிக்கும், அவர்கள் இஷ்டம். சனிக்கிழமை காலை புவாந்த்-அ-பித்ர் கடைவீதியில் க்வோ கா முரசு வாசிப்பார்கள். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த இசை. நின்று கேட்கச் சொல்லுங்கள், தாளம் பிடிபட்டால் கை தட்டலாம். சூஃப்ரியேர் எரிமலை ஏறுவதாக இருந்தால் விடிவதற்குள் கிளம்ப வேண்டும், பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும், மழைச்சட்டை இல்லாமல் போனால் நனைந்துதான் திரும்புவார்கள். பிரான்ஸ் குடியுரிமை இல்லாதவர்கள் வழக்கமான ஷெங்கன் விசாவை நம்பிக் கிளம்பக் கூடாது, கடல்கடந்த பகுதிக்குச் செல்லும் என்று அதில் குறிப்பிட்டிருக்கிறதா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன் பார்க்கச் சொல்லுங்கள்.